ஒரு நாளுக்கு ஓர் ஊர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் குளச்சல் பக்கத்துப் பெண். பெயரை வெளியிட வேண்டாம். ஜெர்மனியின் ஆகன் நகரத்தில் முதுகலைப் பொறியியல் படிக்கிறேன். அப்பா கல்விக்கடன் எடுத்துத்தான் அனுப்பினார். விசாவுக்காக முன்கூட்டியே வங்கியில் கட்டிய பணத்திலிருந்து மாதம் 992 யூரோ கைக்கு வருகிறது. வாடகையும் காப்பீடும் போனால் மிச்சத்தை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

வாரக் கடைசியில் நண்பர்களோடு பக்கத்து ஊர்களுக்குப் போய்வருகிறேன். காலையில் கிளம்பி இரவில் திரும்பிவிடுவோம். மாணவர் டிக்கெட் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்ந்தே வருவதால் ஜெர்மனிக்குள் சாதாரண ரயில்களுக்குத் தனிச் செலவில்லை. எங்கள் கூட்டத்தில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. படங்களைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். அன்றிலிருந்து பேச்சு. "படிக்கப் போனாளா, ஊர் சுற்றப் போனாளா?" என்று மாமா அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா நேராக எதுவும் கேட்கவில்லை. "கடன் இருக்கிறது மக்களே" என்று மட்டும் சொன்னாள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி மாதத்துக்கு ஒரு மலைக்குப் போகிறான். அவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நண்பர்களுக்கு எத்தனை இடம் என்பதுதான் கணக்கு. போன மாதம் ஒரே நாளில் மாஸ்ட்ரிக்ட், லியேஜ், பிரஸ்ஸல்ஸ் என்று ஓடினோம். இப்போது யோசித்தால் ரயில் நிலையங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. வியட்நாமைச் சேர்ந்த ஒரு தோழி மட்டும் என்னைப்போல மெதுவாக நடக்கிறவள். அடுத்தது பாரிஸ் என்கிறார்கள். நள்ளிரவு பஸ்ஸில் போய் மறுநாள் நள்ளிரவு பஸ்ஸில் திரும்புவது திட்டம். போகவா? மனம் உறுத்தாமல் ஊர் பார்ப்பது எப்படி? என்னை ஒருமையிலேயே அழைத்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

போ. தேர்வு மாதங்களை விட்டுவிட்டு, முடிகிற வாரமெல்லாம் போ. மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை படத்தில் சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று நம் உறவுகளுக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது. அது மகளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தம்பியிடம் கேட்காத கேள்வியை உன்னிடம் கேட்கிறார்கள் என்பதை நீயே பார்த்துவிட்டாய். ஆகவே மாமாவை உறுத்துவது கடன் இல்லை, நீ வீட்டுக்கு வெளியே இருப்பதுதான். கடன்தான் கவலை என்றால் கணக்கு காட்டிவிடலாம். ரயிலுக்கான பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் பெரும்பாலான கடைகள் திறப்பதேயில்லை. பையில் ரொட்டியும், ஊரிலிருந்து கொண்டுபோன முந்திரிக்கொத்தும், ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தால் பகல் ஓடிவிடும். அறையைப் பூட்டிக்கொண்டு கைபேசியோடு கிடப்பதால் மதிப்பெண் கூடாது என்பது எல்லா மாணவர்களுக்கும் தெரியும்.

அம்மா சொன்னதை மாமாவின் கேள்வியோடு சேர்க்காதே. அவள் பயப்படுகிறாள். நீ அனுப்புகிற படத்தில் அவளுக்குத் தெரியாத முகங்களும் ஏதோ ஒரு கட்டடமும் மட்டும் இருக்கின்றன. எங்கே போனாய், ஏன் அங்கே போனாய், அந்த ஊர்க்காரர்கள் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. காலை ரயிலில் ஏறியதும் அவளைக் கூப்பிடு. உனக்கு ஒன்பது மணி என்றால் குளச்சலில் நண்பகல் தாண்டியிருக்கும், சமையல் முடிந்து உட்கார்ந்திருப்பாள். போகிற ஊரைப் பற்றிச் சொல். அடுத்த வாரம் போன ஊரைப் பற்றிச் சொல். குழுவில் படம் போடுவதைக் குறைத்துக்கொண்டு அவளிடம் பேசுவதைக் கூட்டு. அவளுக்கு விவரம் தெரிந்துவிட்டால் மாமாவுக்கு அவளே பதில் சொல்லிக்கொள்வாள். நம் கடற்கரைப் பெண்களுக்குப் பதில் சொல்லத் தெரியாதா என்ன?

இனி உன் நண்பர்களின் ஓட்டம். ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவும் பாரிஸையும் ஆம்ஸ்டர்டாமையும் தேடி நீ ஓட வேண்டியதில்லை. எங்கே குடியிருக்கிறாய் என்று பார். ஜெர்மனியும் பெல்ஜியமும் நெதர்லாந்தும் முட்டிக்கொள்கிற மூலை ஆகன். நீயோ குமரி மாவட்டத்துப் பிள்ளை, எல்லைக்காரி. பாரிஸ்காரர்களுக்குக்கூடப் புரியாத சில சங்கதிகள் அந்த மூலையில் உனக்குச் சட்டென்று புரியும். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நகரத்தின் மேற்கே வால்ஸ் என்ற நெதர்லாந்து ஊர் இருக்கிறது. அதை ஒட்டிய குன்றின்மேல் மூன்று நாடுகளும் சந்திக்கும் இடம். உயரம் 322 மீட்டர், வேளிமலையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது மேடு. ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்து நிலத்தில் அதுதான் மிக உயர்ந்த இடம். எல்லோரும் அந்தக் கல்லைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் அங்கே சந்தித்தவை நான்கு. நான்காவதின் பெயர் நடுநிலை மோரெஸ்னெட். நெப்போலியன் வீழ்ந்தபிறகு நாடுகளின் எல்லைகளை மறுபடி வகுத்தார்கள். கெல்மிஸ் என்ற ஊரில் பெரிய துத்தநாகச் சுரங்கம் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அன்றைய பெரிய ஜெர்மன் அரசான பிரஷ்யாவுக்கும் மனமில்லை, நெதர்லாந்துக்கும் மனமில்லை. ஆகவே 1816-இல் சுமார் மூன்றரைச் சதுர கிலோமீட்டர் நிலத்தை இருவருக்கும் பொதுவாக விட்டுவிட்டார்கள். பெல்ஜியம் தனி நாடானபின் நெதர்லாந்தின் இடத்தில் அது வந்தது. 1885 வாக்கில் சுரங்கத்தில் எடுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனாலும் அந்தத் துண்டு நிலம் 1920 வரை அப்படியே கிடந்தது. 1908-இல் அங்கிருந்த சிலர், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியை ஆட்சிமொழியாக வைத்து ஒரு நாடு அமைக்கலாமென்றுகூடக் கிளம்பினார்கள்.

கெல்மிஸுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கு. சுரங்கத்தின் கதையைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. மே மாதத்துக்குமேல் போனால் துத்தநாகம் கலந்த மண்ணில் பூக்கிற மஞ்சள் வயலட் பூவையும் பார்க்கலாம். மற்ற செடிகள் தாக்குப்பிடிக்காத மண் அது. அங்கே நிற்கும்போது உன் பக்கத்து ஊர் மணவாளக்குறிச்சியை நினைத்துக்கொள். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-இல் நம் கரையில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அப்போது எரிவாயு விளக்குகளின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே மணலைப் பிரிக்கும் ஆலை மணவாளக்குறிச்சிக்கு வந்துவிட்டது. அந்த மணலை அள்ளக்கூடாதென்று நம் கடற்கரை ஊர்கள் இன்றும் போராடுகின்றன. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பது மண்ணுக்குமேல் இருப்பவர்களின் தலைவிதியை எப்படித் தீர்மானிக்கிறது என்று உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பொறியியல் படிக்கிற பெண்ணுக்கு இது படிப்பில் சேராதென்று எந்த மாமா சொல்வார்?

இன்னொரு ஞாயிறு வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்துக்கொண்டு ஃபென்பான் பாதையில் போ. ஆகனிலிருந்து லக்ஸம்பர்க்கின் ட்ரவாவியெர்ஜ் வரை 125 கிலோமீட்டர். முழுவதும் வேண்டாம், ரோட்ஜன் வரை போய்த் திரும்பினால் போதும். அது பிரஷ்யர்கள் நிலக்கரியும் இரும்பும் கொண்டுபோகப் போட்ட ரயில்பாதை. முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தத்தை ஒட்டி பாதை மட்டும் பெல்ஜியத்துக்குப் போயிற்று, அதன் இருபுறமும் பல இடங்களில் ஜெர்மனியாகவே இருந்தன. அதனால் பாதைக்கு அந்தப் பக்கம் அகப்பட்ட ஜெர்மன் நிலங்கள் தீவுகளைப்போல ஆகிவிட்டன. அவற்றில் ஒன்றில் ஒரே ஒரு வீடும் அதன் தோட்டமும்தான் இருக்கின்றன. ரயில் நின்று, தண்டவாளமும் போய், சைக்கிள் பாதை வந்தபிறகும் அந்த மெல்லிய பட்டை பெல்ஜியத்துக்கே சொந்தம்.

மற்றவர்கள் இதைக் கேட்டு வியப்பார்கள். உனக்கு வியப்பு வராது, ஏனென்றால் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்திருப்பாய். திருவிதாங்கூரின் பழைய தலைநகர் அது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆனால் கல்குளத்தின் நடுவில் இருக்கிற அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. எல்லைக்கோடு இருப்பது இன்னும் கசப்பாகத் தெரிவது தண்ணீரில்தான். நெய்யாறு இடதுகரைச் சானலில் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-இல் நின்றது. அணை அந்தப் பக்கம், வயல் இந்தப் பக்கம்.

ஒய்பனை விட்டுவிடாதே. பெல்ஜியத்துக்குள் இருக்கிற ஜெர்மன் பேசும் ஊர். அந்தச் சமூகத்துக்கென்று தனி நாடாளுமன்றமே அங்கு இருக்கிறது. 1920-இல் அந்தப் பகுதியை ஜெர்மனியிலிருந்து எடுத்து பெல்ஜியத்தோடு சேர்த்தபோது மக்களின் கருத்தைக் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் தெரியுமா? வாக்குச்சீட்டு கிடையாது. எதிர்ப்பவர்கள் வந்து பதிவேட்டில் தங்கள் பெயரை எழுத வேண்டும். 33,000-க்கும் அதிகமான வாக்காளர்களில் எழுதியவர்கள் 271 பேர். அதிகாரியின் மேசையில் திறந்துகிடக்கும் ஏட்டில் பெயரை எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? நம் ஊரில் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டுமென்று கேட்டவர்கள் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். உன் வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "அப்படியா?" என்கிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. ஒய்பனின் தெருவில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நட. களியக்காவிளைப் பக்கம் ஒரே வீட்டில் பாட்டி மலையாளமும் பேத்தி தமிழும் பேசுவதைக் கேட்டு வளர்ந்த காது உனக்கு இருக்கிறது. அங்கே தேநீர்க் கடையில் யாராவது முதியவர் பேச்சுக்குக் கிடைத்தால், அவருடைய தாத்தா எந்த நாட்டில் பிறந்தார், அப்பா எந்த நாட்டில் பிறந்தார் என்று அவரிடம் கேள். 1940-இல் ஹிட்லர் அந்தப் பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார், போர் முடிந்தபின் அது மீண்டும் பெல்ஜியத்துக்கு வந்தது. ஒரே வீட்டில் உட்கார்ந்தபடியே நாடு மாறியவர்கள் அவர்கள்.

மோன்ஷாவ், கொலோன் எல்லாம் போகத்தான் வேண்டும். கொலோன் பேராலயத்தை 1248-இல் தொடங்கி 1880-இல்தான் முடித்தார்கள். கோபுரத்தில் 533 படிகள், ஏறு. அவற்றைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

நடைமுறையில் சில. எல்லை தாண்டுகிற நாளில் கடவுச்சீட்டும் தங்குமிட உரிமை அட்டையும் கையில் இருக்கட்டும். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் தரை எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை வைக்கத் தொடங்கியது. ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறிக் கேட்பார்கள். உன் மாணவர் டிக்கெட் எல்லைக்கு அப்பால் எந்த நிறுத்தம் வரை செல்லும் என்பதை ஏறுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள். கடைசி ரயில் எது என்பதை மட்டும் பார்க்காதே, அதற்கு முந்தையது எது என்றும் பார்த்துவை. கூட்டத்தில் ஒருவருக்கு ஓர் இடம் பிடிக்கவில்லையென்றால் அவர் தனியே போய்வரலாம், மாலையில் நிலையத்தில் சந்திக்கலாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதி மனத்தாங்கல் குறையும்.

விடுமுறைக்கு வரும்போது அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் உதயகிரிக் கோட்டைக்குப் போ. 1741-இல் உன் குளச்சல் கடற்கரையில் டச்சுப்படை தோற்றது. அதில் பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூரின் படைத்தலைவராகி அந்தக் கோட்டையில் அடக்கமானார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. டச்சு மண்ணுக்குப் போய்வந்தவள் வாயால் அப்பா அந்தக் கதையைக் கேட்கட்டும். குளச்சலிலிருந்து பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பாரிஸுக்கு இந்த முறை போகாதே. இரண்டு இரவு பஸ்ஸில் தூங்காமல் கிடந்து, நடுவில் ஒரு பகல் வரிசைகளில் நின்று, மறுநாள் வகுப்பில் கண் சொருகினால் மாமாவின் கேள்விக்கு நீயே ஆதாரம் எழுதிக் கொடுத்ததாகும். அது பெரிய ஊர், அதற்கு இரண்டு மூன்று நாளாவது வேண்டும். செமஸ்டர் விடுமுறையில் பணம் சேர்த்து, தங்கிப் பார். நண்பர்கள் பாரிஸுக்குக் கிளம்புகிற வாரம் அந்த வியட்நாம் தோழியை ஒய்பனுக்கு அழைத்துப் போ. அவள் நாட்டையும் 1954-இல் ஒரு கோட்டால் இரண்டாக்கினார்கள், இருபது ஆண்டுகளுக்கும் மேல் அந்தக் கோடு இருந்தது. அவளுடைய தாத்தா பாட்டி கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தார்கள் என்று போகிற வழியில் கேள். அவள் சொல்வதை எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா