சைன் வர்க்கத்தைத் தொகையிடும்போது எங்கே தவறுகிறோம்?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். சைன்² எக்ஸ்-இன் தொகையீட்டை சைன்³ எக்ஸ்/3 என்று எழுதினேன், தவறாம். முற்றொருமைகள் எல்லாம் மனப்பாடம்தான். ஆனால் எந்தக் கணக்குக்கு எது என்று பிடிபடவில்லை.

பதில்: கோணம் எக்ஸ் என்பதால் சைன், காஸ் என்று மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் விடையை வகையிட்டுப் பாருங்கள். சைன்³/3-ஐ வகையிட்டால் சங்கிலி விதிப்படி சைன்² கூடவே ஒரு காஸும் ஒட்டிக்கொண்டு வரும். கணக்கில் அந்தக் காஸ் இல்லையே! இருந்திருந்தால் உங்கள் விடை சரி. ஆகவே கணக்கைப் பார்த்ததும் கேட்க வேண்டியது இதுதான்: ஒரு சைனையோ காஸையோ தனியே பிரித்து வைக்க முடியுமா?

அடுக்கு ஒற்றைப்படை என்றால் முடியும். சைன்³ × காஸ்²-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சைனை ஓரமாக வையுங்கள். மிச்சமுள்ள சைன்²-ஐ 1 − காஸ்² என்று மாற்றுங்கள். இப்போது காஸ் = யு என்று பிரதியிட்டால், ஓரமாக வைத்த சைன் வகைக்கெழுவுக்குப் போய்விடும், ஒரு கழித்தல் குறியோடு. அந்தக் குறியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மீதி வெறும் பல்லுறுப்புக்கோவை. விடை: −காஸ்³/3 + காஸ்⁵/5 + சி.

இரண்டு அடுக்கும் இரட்டைப்படை என்றால் பிரித்து வைத்துப் பயனில்லை. அடுக்கைக் குறைக்க வேண்டும். உங்கள் கணக்கு இந்த வகை: சைனின் அடுக்கு 2, காஸ் இல்லாததால் அதன் அடுக்கு 0. சைன்² = (1 − காஸ் 2எக்ஸ்)/2. தொகையிட்டால் எக்ஸ்/2 − (சைன் 2எக்ஸ்)/4 + சி. 0 முதல் π/2 வரை போட்டுப் பாருங்கள், π/4 வரும். காஸ்²-க்கும் அதே π/4. இரண்டையும் கூட்டினால் π/2. சைன்² + காஸ்² = 1 அல்லவா, 1-ஐத் தொகையிட்டாலும் அதே π/2தான். தேர்வு அறையிலேயே அரை நிமிடத்தில் செய்துவிடலாம் இந்தச் சோதனையை.

சைன் 5எக்ஸ் × காஸ் 3எக்ஸ் மாதிரி கோணங்கள் வேறுபட்டால், பெருக்கலைக் கூட்டலாக்குங்கள்: (சைன் 8எக்ஸ் + சைன் 2எக்ஸ்)/2. அப்புறம் ஒன்றும் இல்லை.

சரி, விடைப் பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்று உடனே அடித்துவிடாதீர்கள். சைன் × காஸ்-ஐ ஒருவர் சைன்²/2 என்பார், இன்னொருவர் −காஸ்²/2 என்பார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 1/2, வெறும் மாறிலி. அது + சி-க்குள் அடங்கிவிடும், இரண்டுமே சரி.