கிழ நாயின் உறுமல்

அன்புள்ள ஐயா,

எங்கள் மணிக்கு 13 வயது. இரண்டு வருடங்களாக வெயில் காய்வதும் தூங்குவதுமாகவே இருந்தான். சென்ற மாதம் என் மகன் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து நான்கு மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். அது நாள் முழுவதும் மணியின் காதைக் கடிக்கிறது, வாலைப் பிடித்து இழுக்கிறது. அவன் உறுமுகிறான், ஆனால் குட்டி வெளியே போய்விட்டால் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அன்றொரு நாள் அவனே அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். மறுநாள் காலை நொண்டினான். இரண்டையும் பிரித்து வைப்பதா? உறுமும்போது மணியை அதட்டலாமா?

வாசகி, குன்னூர்

அன்புள்ள வாசகிக்கு,

பிரிக்க வேண்டாம். உறுமுவதற்காக மணியை அதட்டவே வேண்டாம். உங்கள் கடிதத்தில் என் மனத்தில் நின்றது, குட்டி வெளியே போனதும் அவன் வாசலைப் பார்த்து நிற்கிறான் என்ற வரிதான். குட்டியைத் தொல்லையாக மட்டும் நினைக்கும் நாய் அந்த நேரத்தில் நிம்மதியாகப் படுத்துத் தூங்கிவிடும்.

உறுமல் என்பது 'இதோடு நிறுத்திக்கொள்' என்று நாய் சொல்லும் சொல். குட்டி தன் எல்லையைக் கற்றுக்கொள்வது அதைக் கேட்டுத்தான். நாம் அதட்டி அதட்டி அந்தச் சொல்லைப் பறித்துவிட்டால், பொறுமை தீரும் நாளில் கிழ நாய்க்குக் கடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

கோத்தகிரியில் எங்கள் கறுப்பிக்கு 12 வயதானபோது, உடன் வளர்ந்த நாய் இறந்துபோய், அவள் சோற்றைக்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும் நிலையில் இருந்தாள். அப்போது பக்கத்து வீட்டுக் குட்டி வேலி இடுக்கு வழியாக வரத் தொடங்கியது. முதல் பத்து நாட்கள் உறுமல்தான். பிறகு ஒரு காலையில், பனி விலகி முற்றத்தில் வெயில் விழுந்த நேரத்தில், அவள் முன்னங்கால்களை மெல்ல நீட்டி, மார்பைத் தரையில் தாழ்த்தி, நடுங்கும் பின்னங்கால்களில் இடுப்பைத் தூக்கி நிறுத்தி, குட்டியை விளையாட அழைத்தாள். அந்த நிலைக்கு வர அவளுக்குச் சில நொடிகள் ஆயின. குட்டி அதுவரை அசையாமல் காத்திருந்தது. அதன்பின் அது மல்லாந்து படுத்துக்கொண்டது, அவளும் படுத்தபடியே அதன் வாயோடு வாய் வைத்துக் கடித்து விளையாடினாள். வலுவுள்ள நாய் தன் வலுவைக் குறைத்துக்கொண்டு எதிரில் இருப்பதன் அளவுக்கு இறங்கி ஆடுவதை, விலங்குகளின் நடத்தையை ஆராய்பவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். நான் அதைக் கண்ணால் கண்டது அன்றுதான்.

நொண்டலை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். இந்த வயதில் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலான நாய்களுக்கு உண்டு, நம் மலையின் குளிரும் ஈரமும் விறைப்பைக் கூட்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே பல வீடுகளில் இருக்கிறது; அவற்றில் சில நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகும். சிமெண்ட் தரையில் படுக்க விடாமல் தடித்த சாக்கின் மேல் பழைய கம்பளியை விரித்துக் கொடுங்கள். விளையாட்டு, வெயில் ஏறிய பிறகு, சிறிது சிறிது நேரமாக இருக்கட்டும். மணி எழுந்து விலகினால் குட்டி பின்தொடர முடியாத ஓர் அறை அவனுக்கு வேண்டும். மதியத் தூக்கம் அவனுக்கு மட்டுமே உரியது.

குட்டிக்குத் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. 1907 முதல் வெறிநாய்க்கடி மருந்துக்குப் பெயர்பெற்ற பாஸ்டியர் நிறுவனம் இருக்கும் ஊரில் வாழும் உங்களுக்கு அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குட்டிகளை வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் வீழ்த்தும் பார்வோ நோய்க்கான ஊசியும் அதே அளவுக்கு அவசியம். இருட்டியதும் இரண்டையும் வீட்டுக்குள் சேர்த்துவிடுங்கள். சிறுத்தை நடமாடும் மலையில், வேகமாக ஓட முடியாத நாயும் விவரம் அறியாத குட்டியும் வாசலில் படுக்கக் கூடாது.

ஒரு வாரம் உறுமலுக்கு நடுவே புகாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். உறுமியதும் குட்டி பின்வாங்குகிறதா, பின்வாங்கிய குட்டியிடம் மணி தானே திரும்பப் போகிறானா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.