பதியமும் பீடியும்

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு பைக் விபத்து. கணுக்காலுக்குச் சற்று மேலே தோலும் சதையும் போய் எலும்பு தெரிகிறது. கெண்டைக்காலிலிருந்து ஃபிளாப் எடுத்துத் திருப்பி வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். தொடைத்தோலைச் சீவி ஒட்டினால் போதாதா, நல்ல இடத்தையும் எதற்குப் புண்ணாக்க வேண்டும் என்று வீட்டில் ஒரே சண்டை. சுசுருதர் காலத்திலேயே இதெல்லாம் நம்மிடம் இருந்ததாமே? அண்ணன் தைரியமாகத்தான் இருக்கிறான், தினம் ஒன்றிரண்டு சிகரெட்டோடு சரி.

ஆர்., மேலூர்

அன்புள்ள ஆர்.,

சுசுருதர் சொன்னது மூக்குக்கும் காதுக்கும். உங்கள் அண்ணனுக்குப் போனது கால். அதை விடுங்கள்.

சீவி ஒட்டும் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது, போய் உட்காருகிற இடம்தான் அதற்குச் சோறு போட வேண்டும். சதைமேல் வைத்தால் பிடித்துக்கொள்ளும். மேலுறை உரிந்த வெற்று எலும்பில் வைத்தால் காய்ந்து உதிரும், பாறையில் நாற்று நட்ட கதைதான். ஃபிளாப் என்பது பதியம். மல்லிகைக் கொடியைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைப்பார்களே, அதேபோல் தோலை அதன் ரத்தக்குழாய்க் காம்போடு திருப்பிக் கொண்டுவருகிறார்கள். எடுத்த இடத்தில்தான் தொடைத்தோலை ஒட்டுவார்கள். ஆமாம், புண் கூடும், தழும்பும் விழும். இருக்கட்டும்.

உங்கள் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. "ஒன்றிரண்டு சிகரெட்டோடு சரி" என்று எவ்வளவு பெருமையாக எழுதுகிறீர்கள்! அண்ணனாம், தைரியமாம்!

1984-இல் அலங்காநல்லூர் பக்கம் என் தாய்மாமா கால்மேல் கரும்பு லாரி ஏறியது. அப்போது இடது கெண்டைக்கால் தோலைப் பாதி பெயர்த்து வலது முழங்காலுக்குக் கீழே தைத்து, இரண்டு கால்களையும் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டு, நடுவில் ஒரு கட்டையும் வைத்துவிட்டார்கள். மூன்று வாரம். புரள முடியாது, ஒதுங்க முடியாது. துணைக்கு இருந்தவன் பதின்மூன்று வயது நான். நர்ஸ் அக்கா ராத்திரியில் டார்ச் அடித்துத் தோலைக் கட்டைவிரலால் அழுத்தி விடுவார், வெளுத்த இடம் திரும்பச் சிவக்கிறதா என்று பார்ப்பார். சிவக்காமல் வெளுத்தே கிடந்தால் ரத்தம் வரவில்லை, நீலம் பாய்ந்தால் வந்த ரத்தம் திரும்பப் போகவில்லை. எனக்கும் சொல்லிக்கொடுத்தார், நானும் அழுத்திப் பார்ப்பேன்.

நாலாம் நாள் மாமா கெஞ்சினார். "ஒண்ணே ஒண்ணுடா மருமகனே." எதிர்த்த பெட்டிக்கடையில் ஒரு கட்டு பீடி வாங்கி, ஜன்னலோரம் நானே பற்றவைத்துக் கொடுத்தேன். அப்புறம் தினமும். அந்தத் தோல் உயிரோடு இருப்பதே மயிரிழை மாதிரிக் குழாய்களால்தான், நிகோடின் அதைத்தான் சுருக்குகிறது. சிகரெட்டானால் என்ன, பீடியானால் என்ன, பில்டர் வைத்தால் என்ன, பாத்ரூமில் போய்க் குடித்தால் என்ன, குழாய்க்கு அதெல்லாம் தெரியாது. டாக்டர் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அந்தப் புகை கெடுத்துவிடலாம். எட்டாம் நாள் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்தது. அழுத்திப் பார்த்தேன், சிவக்கவில்லை. வெட்டி எடுத்தார்கள். பீடியால்தான் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

கால் தப்பியது. மாமா நாற்பது வருடம் அதில்தான் நடந்தார். போன தையில் காலமானார். அத்தையிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

அண்ணன் தலையணைக்கு அடியில் பாருங்கள், அங்கேதான் வைத்திருப்பார்.