முதலில் சரளி வரிசை

கேள்வி: வாசிப்புத் திறனை வளர்த்துக்கொள்ள எந்தப் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கலாம்? ஒரு பட்டியல் தாருங்களேன்.

பதில்: பட்டியல் மட்டும் கேட்காதீர்கள். ஒரு தடவை கொடுத்துப் பட்டிருக்கிறேன். அதில் விட்டுப்போன எழுத்தாளர்களில் மூன்று பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நாலாமவர் பேசுகிறார், அதுதான் தொந்தரவு.

'வாசிப்பு' என்றீர்களே, புத்தகத்துக்கும் வீணைக்கும் நம்மிடம் ஒரே வினைச்சொல்தான். ஆனால் வீணை வாசிக்க வருபவரை முதல் நாளே யாரும் மேடையேற்றுவதில்லை, சரளி வரிசை என்னும் ஆரம்பப் பாடம்தான். புத்தகம் வாசிக்க வருபவர் கையில் மட்டும் தலையணை கனத்தில் ஒன்றைத் திணித்து, "முதல் நூறு பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம். முதல் நூறு நிமிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் வித்வான் உண்டா? (சொல்லாமலே செய்பவர்கள் உண்டு, அது வேறு.)

சரி, புத்தகம். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படியுங்கள். புரியாத சொல் ஒன்றுக்கு ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடியுமுன் ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். சிறுபிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் உபாயம்தான். கௌரவம் பார்க்காத பெரியவர்களுக்கும் பலிக்கும்.

நடுப்பக்கம் என்றதற்குக் காரணம் உண்டு. முன்பக்கத்தில் அணிந்துரை இருக்கும். நண்பர் ஒருவர் கவிதைத் தொகுப்புக்கு எழுதிக்கொடுத்த அணிந்துரையில் "நாவலின் முடிவு நெஞ்சை உலுக்குகிறது" என்று ஒரு வரி. கவிஞர் அதை அப்படியே அச்சேற்றினார். அவரும் படிக்கவில்லை! இதைச் சொன்னதற்காக இருவருமே என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வேகவாசிப்பு வகுப்புப் பக்கம் போகாதீர்கள். படித்த வரிக்குக் கண் திரும்பவே கூடாது என்பார்கள் அங்கே. கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்தித்தான் போகிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜாவால் இதை எழுதிவிட்டார். ஒவ்வொரு தத்தலுக்கும் நடுவே சுமார் கால் நொடி நிற்கும். நன்றாகப் படிக்கத் தெரிந்தவருக்கும் பத்துத் தத்தலில் ஒன்றாவது பின்னோக்கித்தான். அதைத் தடுத்தால் புரிவது குறைகிறது என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆகவே திரும்பிப் போய்ப் படியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிடித்த புத்தகத்தை இரண்டாம் தடவை படிப்பதும் பயிற்சிதான். பிடிக்காததைப் பாதியில் மூடிவிடுங்கள், யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை நீங்கள்.

இல்லை, பட்டியல்தான் வேண்டும் என்றால் அந்த நாலாமவருக்கு எழுதுங்கள். அவருடைய பதினோரு புத்தகமும் அதில் இருக்கும், அணிந்துரைகளோடு.