காந்தத்தை நம்பிக் கத்தி வாங்காதீர்கள்

கேள்வி: மரப்பிடி போட்ட பழைய பாணி மடக்குக் கத்தி ஒன்றை வாங்கப் போனேன். அலகு எவர்சில்வர், துருவே பிடிக்காது என்று விற்பவர் அடித்துச் சொன்னார். காந்தத்தை வைத்துப் பார்த்தேன், பட்டென்று ஒட்டிக்கொண்டது. பொய் சொல்கிறார் என்று திரும்பி வந்துவிட்டேன். நான் செய்தது சரிதானா?

பதில்: அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். காந்தம் ஒட்டாத எவர்சில்வர் பெரும்பாலும் பாத்திரங்களுக்கு உரியது. அதில் குரோமியத்தோடு நிக்கலும் கணிசமாகச் சேர்ந்திருக்கும். எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் அதற்கு வராது. அலகுக்குப் போடும் துருப்பிடிக்காத எஃகு வேறு ரகம். அது காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். துருப்பிடிக்கக்கூடிய கார்பன் எஃகும் ஒட்டும். இந்த விஷயத்தில் காந்தம் எதையும் சொல்லாது. பளபளப்பும் அப்படித்தான்: மெருகேற்றினால் இரண்டும் கண்ணாடிபோல மின்னும்.

அலகில் பொறித்த எழுத்தைப் படியுங்கள். அலகை முழுக்கத் திறந்து, அது பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிரான்ஸின் ஒப்பினல் கத்தியில் கிரீடம் சூடிய கை முத்திரையோடு ‘இனாக்ஸ்’ என்றிருந்தால் துருப்பிடிக்காதது. ‘கார்போன்’ என்றிருந்தால் கார்பன். ஜெர்மன் கத்திகளில் ‘ரோஸ்ட்ஃப்ரை’ (rostfrei) என்றால் துருவற்றது என்று பொருள். அமெரிக்காவின் கேஸ் கத்திகளில் மாதிரி எண்ணுக்குப் பின்னால் எஸ்.எஸ். அல்லது சி.வி. என்றிருக்கும். எஸ்.எஸ். என்றால் துருப்பிடிக்காதது. சி.வி. என்பது குரோம் வனேடியம். பெயரில் குரோம் இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். அதில் குரோமியம் மிகக் கொஞ்சம், கவனிக்காவிட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும்.

எழுத்து தேய்ந்துபோயிருந்தால் எலுமிச்சைச் சாறு இருக்கிறது. ஆனால் அலகில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் சாறு எஃகைத் தொடாது, கார்பனும் எவர்சில்வர்போல நடித்துவிடும். அதனால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் முதலில் துடையுங்கள். கூர் விளிம்பிலிருந்து தள்ளி, பிடிக்கு அருகே ஒரே ஒரு துளி. பத்து நிமிடம் காத்திருங்கள். கார்பன் என்றால் துளி இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் விழுந்திருக்கும், ஓரம் சற்றே கறுத்திருக்கும். முகர்ந்தால் இரும்பு வாடை வரும். துருப்பிடிக்காத அலகில் துடைத்ததும் சுவடே இராது. சோதனை முடிந்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவிவிடுங்கள். அந்தக் கறை லேசில் போகாது. இன்னும் உங்களுடையதாகாத கத்தியில் விற்பவரைக் கேட்காமல் செய்வது முறையல்ல. எலுமிச்சைக்குப் பதில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை வைத்தால் கார்பன் எஃகில் செம்பு நிறம் படியும். அது நச்சு, பழம் நறுக்கப்போகும் கத்தியில் அதை வைக்கவே கூடாது என்பேன்.

அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அழுத்திப் பிடிக்கும் முதுகுப்பக்கத்து வில்லில் துரு தெரிந்தால் அதை வைத்து அலகை முடிவு செய்யாதீர்கள். இரண்டும் வெவ்வேறு எஃகாக இருக்கலாம்.

கேள்வி: ஒரு கத்தியின் விளம்பரத்தில் ‘ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்’ என்று போட்டிருக்கிறது. அது கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா?

பதில்: ஸ்டெயின்லெஸ்தான். குழப்பத்துக்குக் காரணம் பெயர். கார்பன் இல்லாமல் எஃகு அலகு பொதுவாகக் கடினமாகாது. 1095 என்ற கார்பன் எஃகில் ஏறத்தாழ 0.95 சதவீதம் கார்பன். 440சி என்ற துருப்பிடிக்காத எஃகிலும் 1 சதவீதத்தை ஒட்டித்தான். வித்தியாசம் குரோமியத்தில்: 440சி-யில் 16 முதல் 18 சதவீதம், 1095-இல் சேர்ப்பதே இல்லை. ‘ஹை கார்பன்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எஃகின் பெயர் என்ன என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கார்பன் என்று தெரிந்தேதான் வாங்கினேன். ஒரே வாரத்தில் அலகு கறுத்துவிட்டது. திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நீலமும் சாம்பலும் கலந்து படிவது பழச்சாறு பட்டுப் பட்டு வரும் மெல்லிய படலம். துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். குறை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. வெள்ளைத் துணியால் அலகைத் தேய்த்துப் பாருங்கள். செம்மண் நிறத்தில் பொடி ஒட்டினால்தான் அது துரு. அதையும் அன்றே எண்ணெய் விட்டுத் தேய்த்தால் எடுத்துவிடலாம்.