முப்பது வீட்டுக் காய்கறிக் கூடை: சித்திரையில் வறண்டால் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் எனக்கு 1 ஏக்கர் 20 சென்ட் செம்மண் நிலம் இருக்கிறது. ஒரு போர்க் கிணறு, சொட்டுநீர்ப் பாசனம். போன ஆவணியில் காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் 30 வீடுகளைச் சேர்த்து, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கி, வாரம் ஒருநாள் 4 கிலோ காய்கறிக் கூடை கொடுத்து வருகிறேன். கார்த்திகை மழையில் இரண்டு வாரம் கூடை போட முடியவில்லை. மற்றபடி தை வரை நன்றாகப் போனது. மாசியில் அடுத்த தவணையும் வாங்கிவிட்டேன். பங்குனியிலிருந்து கத்தரியும் வெண்டையும் தவிர வேறு காய் இல்லை, அதுவும் 2 கிலோ தேறவில்லை. போர் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. நான்கு வீட்டார் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். வருஷம் முழுக்கக் கூடை நிற்காமல் போக எப்படித் திட்டமிடுவது?

பதில்: வணக்கம் தம்பி. உங்கள் சாகுபடியில் பெரிய குறை தெரியவில்லை. மார்கழி, தை விளைச்சலைப் பார்த்து வீடுகளைச் சேர்த்திருக்கிறீர்கள், அங்கேதான் கணக்கு இடிக்கிறது. சித்திரையில் உங்கள் போர் எவ்வளவு தரும் என்பதை வைத்துத்தான் எத்தனை வீடு என்று முடிவு செய்யவேண்டும்.

ஒரு 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு நேராக வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். போட்டவுடன் பார்க்காமல், மோட்டார் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பாருங்கள். மூன்று நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 4,000 லிட்டர். மூன்று மணி நேரம் ஓடினால் 12,000 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் நிற்க ஏறக்குறைய 4,000 லிட்டர் வேண்டும். கத்திரி வெயிலில் செழித்து நிற்கும் காய்கறிக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 மி.மீ. தேவை. அப்படியானால் ஏக்கருக்கு 20,000 லிட்டருக்கு மேல். உங்களிடம் இருப்பதோ 12,000. சொட்டுநீர், மூடாக்கு (மண்ணை இலைதழையால் மூடுவது) எல்லாம் சேர்த்தாலும் கோடையில் 50, 60 சென்ட்டுக்கு மேல் காய்கறி வைக்கக்கூடாது. 120 சென்ட்டுக்கும் அந்தத் தண்ணீரைப் பங்கு போட்டால் எல்லாச் செடியும் உயிரோடு நிற்கும், ஒன்றும் காய்க்காது. பங்குனியில் உங்கள் தோட்டத்தில் அதுதான் நடந்திருக்கும்.

அந்த 50 சென்ட்டிலும் ஒரு நேரத்தில் காய்ப்பில் இருப்பது 30 சென்ட்தான், மீதி வளர்ந்துகொண்டிருக்கும். கோடை விளைச்சலைப் பாதியாக வைத்துக்கொண்டால் வாரம் 80 கிலோ கிடைக்கலாம். 4 கிலோ கூடை என்றால் 20 வீடு. ஆகவே வருஷம் முழுக்க 20 வீடு போதும். மீதிப் பத்து வீட்டாரை விடவேண்டாம், ஆவணி முதல் மாசி வரை மட்டும் கூடை என்று பருவ உறுப்பினராக மாற்றிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. பெரிய பெரிய வீடுகளில் வயதான இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். அவர்களுக்கு 4 கிலோ அதிகம். அரைக் கூடை கொடுத்தால் அவர்களுக்கும் காய் வீணாகாது, உங்களுக்கும் பாரம் குறையும். அதே வீட்டில் கல்யாணம், கோயில் காரியம் என்று ஆட்கள் வந்து இறங்கும்போது கூடுதலாகக் கேட்பார்கள். பதினைந்து நாள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள்.

வாரம் ஒரே ஒரு நாள் கொடுப்பதையும் மாற்றவேண்டும். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், இரண்டு நாள் விட்டால் முற்றி நார் விழுந்துவிடும். வாரத்தில் மூன்று, நான்கு பறிப்பு வரும். சனிக்கிழமை ஒருநாள்தான் கூடை என்றால் மற்ற பறிப்பெல்லாம் எங்கே போகும்? சாக்கில் கிடந்து வதங்கிய காயைத்தான் கூடையில் போடுவீர்கள். வீடுகளை இரண்டாகப் பிரித்து புதன் பாதி, சனி பாதி என்று கொடுங்கள். வெண்டையும் சீனியவரையும் இதில் பெருமளவு தப்பிவிடும். கத்தரி நான்கைந்து நாள் பொறுக்கும், புடலை ஒரு வாரம்கூடத் தாங்கும். பறிப்பு விடியற்காலையில் முடியவேண்டும். வெயில் ஏறிப் பறித்த காய் காரைக்குடி போய்ச் சேர்வதற்குள் சுருங்கிவிடும்.

விதைப்பிலும் இதே யோசனைதான். வெண்டை விதைத்து 45 நாளில் காய்ப்புக்கு வரும், ஆறேழு வாரம் நன்றாகக் காய்க்கும், அப்புறம் இறங்குமுகம். சென்ட்டுக்கு 40 கிலோ என்று அடக்கமாகக் கணக்கிட்டால் 3 சென்ட்டில் மொத்தம் 120 கிலோ, வாரம் 17 கிலோ. 20 வீட்டுக்கு வாரம் முக்கால் கிலோ வீதம் சரியாகப் போய்விடும். ஆகவே ஒரே நாளில் 15 சென்ட் விதைக்காமல், மாதம் ஒருமுறை 3 சென்ட், 3 சென்ட்டாக விதைத்துக்கொண்டே போங்கள். கோடை விதைப்புக்கு மட்டும் மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும் வீரிய ரகம் வேண்டும். அதைப் பரப்பும் வெள்ளை ஈ அப்போதுதான் அதிகம். கத்தரிக்கு இரண்டரை மாதத்துக்கு ஒரு நாற்றங்கால் போதும். ஓய்ந்த கத்தரியைப் பிடுங்கிப் போடாமல் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு வெட்டி, உரம் வைத்துத் தண்ணீர் காட்டினால் மறுதாம்பு காய்க்கும். தண்டும் காயும் துளைக்கும் புழுவுக்கு, வாடித் தொங்கும் நுனிகளை வாரம் இரண்டு முறை கிள்ளி எரித்து, அதன் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வையுங்கள். கூடை வாங்குபவர்கள் மருந்தடிக்காத காய் கேட்டுத்தான் உங்களிடம் வந்திருப்பார்கள்.

இப்போது சித்திரை. உடனே செய்யவேண்டியது என்ன? காய்ந்துகொண்டிருக்கும் பாத்திகளில் பாதியைத் தயங்காமல் கைவிட்டுத் தண்ணீரை மறுபாதிக்குத் திருப்புங்கள். அதில் வெயில் தாங்கும் சீனியவரை, தட்டைப்பயறு, வெண்டை, சுரை மட்டும் இருக்கட்டும். நிழல்வலைக்குக் கீழே இரண்டு சென்ட் தண்டங்கீரை விதைத்தால் 25 நாளில் கூடைக்கு வந்துவிடும். வரப்போரம் செடிமுருங்கை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த ஆடியில் பி.கே.எம். 1 ரக விதை ஊன்றுங்கள். ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும், அடுத்த கோடையில் கூடையைத் தாங்கிப் பிடிக்கும்.

கைவிட்ட பாதியில் கோடை மழை ஒன்று விழுந்ததும் உழுது, பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் பருவத்தில், 45 நாள் அளவில், மடக்கி உழுதுவிடுங்கள். ஆடிக்கு நிலம் தயாராகிவிடும். கண்மாய் வண்டல் எடுக்கவும் இதுதான் சமயம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள். நம் செம்மண் சரளை தண்ணீரைப் பிடித்து வைக்காது, மழை அடித்து வெயில் காய்ந்தால் மேலே ஓடு கட்டிவிடும், சின்ன விதை முட்டிக்கொண்டு வெளியே வரமுடியாது. வண்டல் போட்டால் இது நாளாக நாளாகக் குறையும்.

இன்னொரு விஷயம், மண் பரிசோதனை செய்தீர்களா? இந்தச் செம்புறை மண்ணில் பல இடம் புளிப்புத்தன்மை கொண்டது. போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்குப் போகாது. இலை அடிப்பக்கம் ஊதா ஓடி, செடி குட்டையாக நின்றால் இதைச் சந்தேகப்படலாம். பத்து இடத்தில் அரையடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ எடுத்துக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். செட்டிநாடு வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் உங்களுக்கு எட்டும் தூரம்தான், இந்த மண்ணை அறிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். புளிப்பு என்று வந்தால் ராக் பாஸ்பேட் உங்களுக்குத் தோதான உரம். அந்த மண்ணில்தான் அது கரையும். தனியாகத் தூவாமல் தொழுஉரத்தோடு கலந்து ஒரு மாதம் குவித்து மூடி மூட்டம் போட்டு இடுங்கள்.

அடுத்து மழை மாதம். நமக்கு வருஷ மழை 900 மி.மீ. அளவில், அதில் பாதியளவு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். கார்த்திகையில் இரண்டு வாரம் கூடை நின்றது இதனால்தான். அந்த மாதங்களில் கீரையையும் தக்காளியையும் நம்பாதீர்கள். தக்காளி நாற்றைக் கார்த்திகைக் கடைசியில் நட்டால் போதும். மழையைத் தாண்ட வேண்டியது பந்தல்தான். ஆடிக்காற்று ஓய்ந்ததும் ஆவணியில் புடலை, பாகல், பீர்க்கு ஊன்றிவிட்டால் ஐப்பசியில் தரையில் சேறு இருந்தாலும் காய் மேலே தொங்கும். பாத்தியை ஒரு அடி உயர்த்தி, சரிவுப் பக்கம் வாய்க்கால் எடுத்துவிடுங்கள். அடைமழையில் பந்தல் காய் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழும். பெரும்பாலும் அது நோயாக இருக்காது, மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். பீர்க்கம்பூ மாலையில் விரிகிறது, அந்த நேரம் மழை பிடித்தால் அந்துப்பூச்சி வராது. மழை விட்ட மாலைகளில் ஐந்தரை மணிக்குப் பந்தலுக்குள் போங்கள். கொத்தாக நிற்பது ஆண் பூ. அடியில் விரல்நுனி அளவு பிஞ்சோடு தனியாக நிற்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தூள் படும்படி பெண் பூவில் லேசாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ நான்கைந்து பெண் பூவுக்கு வரும். 5 சென்ட் பந்தலுக்கு அரை மணி நேர வேலை. பாகலுக்கு இதையே காலையில் செய்யவேண்டும்.

அதற்கும் மேல் மழை கெடுத்தால், கையிருப்பு வேண்டும். பரங்கி, வெண்பூசணி, சேனை, சின்ன வெங்காயம் எல்லாம் காற்றோட்டமான இடத்தில் வாரக்கணக்கில் இருக்கும். கோடைக்கும் இதே வழிதான், கூடவே வற்றல். மாசியில் மிஞ்சும் சீனியவரையை மோரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். சுண்டை, மணத்தக்காளி, மாங்காய் வற்றலும் சேர்க்கலாம். வற்றலும் வடகமும் நம் வளவுகளில் காயாத கோடை உண்டா? 2 கிலோ பச்சைக் காயோடு கால் கிலோ வற்றலும் கொஞ்சம் வெங்காயமும் இருந்தால் சித்திரைக் கூடையைக் குறை சொல்லமாட்டார்கள். ஊட்டி கேரட்டை வாங்கிப் போட்டுக் கூடையை நிரப்பும் ஆசை வரும், அதை மட்டும் சொல்லாமல் செய்யாதீர்கள். ஒருநாள் தெரிந்தால் மீதிக் காயையும் சந்தேகப்படுவார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கும் நான்கு வீட்டாருக்கு வாக்குவாதம் இல்லாமல் கொடுத்துவிடுங்கள். காரைக்குடியில் ஒரு வீட்டுப் பேச்சு நாலு தெரு போகும். மற்றவர்களிடம் உண்மை நிலையைச் சொல்லி, குறைந்த காய்க்கு ஈடாக ஆவணியில் கூடுதல் வாரங்கள் தருவதாகக் கேளுங்கள். ஜப்பானில் 1970களில் தேய்கெய் என்ற பெயரிலும், அமெரிக்காவில் 1986லும் இந்த முறை வேர்விட்டபோது, முன்பணம் கொடுப்பவர் விளைச்சலோடு நஷ்டத்திலும் பங்காளி என்பதுதான் ஏற்பாடு. ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும். நீங்கள் எல்லா மாதமும் 4 கிலோ என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறீர்கள், இப்போது நஷ்டத்தில் பங்கு கேட்பது நியாயம் ஆகாது. இனி மூன்று மாதத் தவணையாக வாங்குங்கள். ஆவணி முதல் மாசி வரை 4 கிலோ, பங்குனி முதல் ஆடி வரை இரண்டரை கிலோவும் வற்றலும், விலையும் அதற்கேற்ப என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய பணத்தில் கால் பங்கைக் கோடை முடியும்வரை தொடாதீர்கள். போர் மோட்டார் எப்போதும் அந்தச் சமயத்தில்தான் மக்கர் செய்யும்.

வீட்டாருக்கு வேண்டியதையும் கணக்கில் எடுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை, கார்த்திகை, மார்கழி விரத மாதங்களில் காய்கறிச் செலவு கூடும், அதற்கு உங்கள் விளைச்சலும் ஒத்துவருகிறது. பொங்கல் கூடை தனி. அதற்குச் சேனை, சர்க்கரைவள்ளி, பரங்கி, அவரை, மொச்சை, மஞ்சள் கொத்து எல்லாம் கேட்பார்கள். சேனைக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆகும் என்பதால் விதைக்கிழங்கை இந்தச் சித்திரைக்குள் ஊன்றவேண்டும், வைகாசி தாண்டினால் தைக்குக் கிழங்கு பருக்காது. மஞ்சள் வைகாசியில். நாட்டு அவரையும் மொச்சையும் ஆடியில் விதைத்தாலும் பகல் குறையும்போதுதான் பூக்கும், சரியாக மார்கழி, தையில் காய் வரும். பரங்கி ஆவணிக் கடைசி, சர்க்கரைவள்ளிக் கொடி புரட்டாசி முதல் வாரம்.

நாற்று நட்ட முதல் மூன்று வாரம் மூங்கில் வளைவு போட்டு மேலே வலை விரித்துவிடுங்கள். குன்றக்குடி வட்டாரத்தில் மயில் படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. முருகன் வாகனத்தின் மேல் கை வைக்கச் சட்டமும் இடம் தராது.