மறதி நோயோடு சர்க்கரையும் உள்ள கணவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இன்சுலின் போட்டதும் சாப்பிட மாட்டேன் என்கிறார், மாத்திரையைத் துப்புகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனைவிக்கும் இதே நிலைதான்.

முதலில் ஊசியைக் கவனியுங்கள் அம்மா. போட்டுவிட்டு அவர் சாப்பிடாவிட்டால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம், படபடப்பாக இருக்கிறது என்று சொல்லவும் அவருக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைச் சாப்பிட்டு முடித்த கையோடு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், எங்களுக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார்.

மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலக்கத் தோன்றும். அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்றிருந்தால் பொடிக்கவே கூடாது, மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

அப்புறம், ஓரிரு நாளில் குழப்பம் திடீரென்று கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உடனே சர்க்கரை பாருங்கள், அது சரியாக இருந்தால் சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா என்று அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.